1.0 டேர்போ ஸ்விஃப்ட்: புகைப் பரிசோதனையில் விழாமல் எதைப் பூட்டலாம்?

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம், சலாம். என்னிடம் இருப்பது 2018 ஸ்விஃப்ட் ஆர்.எஸ்.டி. கே10சி இஞ்சின், 996 சீசீ, மூன்று சிலிண்டர், டேர்போ, ஆறு கியர் ஓட்டோ. 68,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. வேலை சம்மாந்துறையில், வீடு கல்லடியில். ஆகவே ஒவ்வொரு நாளும் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை தாண்டிப் போய், காரைதீவுச் சந்தியில் உள்ளுக்குத் திரும்பி வயல் வழியே போய் வருகிறேன்.

வாங்கிய புதிதில் இருந்த அந்த இழுவை இப்போது இல்லை. போன மாதம் குடும்பத்தோடு பதுளைக்குப் போனோம். செங்கலடியால் ஏறி மகா ஓயா, பிபிலை வரை குறையில்லை. லுணுகலை ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க இருமிக்கொண்டுதான் ஏறியது. பின்னால் வந்த வேன்காரன் ஹோன் அடித்து முந்திப் போனான். பின் இருக்கையில் இருந்த மாமா, "இதுதானா டேர்போ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த, இஞ்சின் கணினியை ஏமாற்றி இழுவை கூட்டுகிற பிக்கிபேக் பெட்டி ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார். அதோடு புகையைச் சுத்தமாக்குகிற கட்டலிட்டிக் இல்லாத டவுன்பைப் (டேர்போவிலிருந்து இறங்குகிற புகைக்குழாய்), திறந்த பில்டர், 'புஸ்' என்று சத்தம் போடுகிற வால்வு என்று ஒரு பட்டியலே நீட்டினார். ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. நவம்பரில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும், லீசிங் இன்னும் முடியவில்லை. சட்டத்துக்குள் நின்று என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கரை நானா | ஓகஸ்ட் 8, இரவு 10.15

தம்பி, மூன்று கேள்வி. பெற்றோல் 92 அடிக்கிறீர்களா, 95 அடிக்கிறீர்களா? கடைசியாக ஒயில் மாற்றி எத்தனை கிலோமீற்றர்? போத்தலின் பின்பக்கத்தில் என்ன தரம் போட்டிருந்தது? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் பெட்டியைப் பற்றிக் கதைக்கிறதில் பிரயோசனமில்லை.

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 8, இரவு 10.22

92தான் நானா. ஒயில் மாற்றி 7,000 ஓடிவிட்டது. போத்தலைப் பார்க்கவில்லை, கடையில் கொடுத்ததை ஊற்றினார்கள்.

சந்திவெளி பாஸ் | ஓகஸ்ட் 9, காலை 6.10

தம்பி, நான் கராஜ்காரன். தினமும் குறைந்தது இரண்டு டேர்போ கார் வருகிறது. வருகிற எல்லோரும் கூட்டத்தான் கேட்கிறார்கள், குறைந்தது எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் கதையைப் பார்த்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இப்போது கச்சான் வீசுகிற காலம், பகலில் நிழலிலேயே 34 பாகை. டேர்போ அந்தக் காற்றை வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறது என்று வையுங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே வேலைதான். கம்ப்ரசர் நூற்றுக்கு எழுபது திறனில் ஓடினால் வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட 130 பாகை. நுவரெலியாக் குளிரில் ஓடுகிறவருக்கு இந்த எண் மிகவும் கீழே நிற்கும், நமக்கு நிற்காது.

அந்தச் சூட்டை இறக்குவதுதான் இன்டர்கூலரின் வேலை. அது ஒழுங்காக இறக்காவிட்டால் இரண்டு நட்டம். காற்று ஐதாகிப் போவதால் சிலிண்டருக்குள் போகிற பிராணவாயு குறையும். அதோடு நொக்கிங், அதாவது சூட்டில் கலவை தானாக வெடிப்பது, வரப் பார்க்கும், அதை நொக் சென்சர் கேட்ட உடனே இஞ்சின் கணினியான ஈ.சி.யூ. தீப்பொறியைப் பிந்த வைக்கும். ஏற்றத்தில் மிதித்ததற்குக் கார் சுணங்கிப் பதில் சொன்னது இதனாலாக இருக்கலாம்.

காரின் சென்சர் எண்களைப் படிக்கிற ஓ.பி.டி. புளூடூத் குச்சி ஒன்று வாங்கிச் செருகி, உள்ளே போகிற காற்றின் வெப்பத்தைப் போனில் பாருங்கள். ஒன்று கவனம்: சில கார்களில் அந்த எண் பில்டருக்குப் பக்கத்தில் உள்ள சென்சரிலிருந்து வரும். அப்படியானால் அது வெளி வெப்பத்தைத்தான் சொல்லும், இன்டர்கூலரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஓட ஓட எண் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் எது என்று விளங்கும்.

பைபாஸ் | ஓகஸ்ட் 9, காலை 9.05

பாஸ் சொல்வது சரி, ஆனால் இவ்வளவு படிக்க வேண்டியதில்லை மச்சான். நான் டவுன்பைப் மாற்றி இரண்டு வருசம். புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் பழையதைப் பூட்டுவேன், சான்றிதழ் எடுத்ததும் திரும்ப மாற்றுவேன். இரண்டு மணித்தியால வேலை. பெட்டி பூட்டினால் ஆளே மாறிவிடும். பயந்துகொண்டிருந்தால் வேகன் ஆர் வாங்கியிருக்கலாம்.

அக்கரை நானா | ஓகஸ்ட் 9, காலை 9.30

வேகன் ஆரில் டேர்போ ஸ்டிங்ரே இருக்கிறது மகன். 658 சீசீயில் 64 பி.எஸ்., உங்களையும் முந்தும். 🙂

சந்திவெளி பாஸ் | ஓகஸ்ட் 9, பகல் 12.50

பைபாஸ் தம்பி, கழற்றிப் பூட்டுகிறதில் எனக்குத்தான் காசு, ஆகவே நான் குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன்.

புகைப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்? பெற்றோல் காருக்குச் சும்மா நிற்கும்போது ஒருமுறை, 2,500 சுற்றில் ஒருமுறை குழாயைச் செருகிக் காபன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகாபனையும் அளக்கிறார்கள். இரண்டையும் எரித்து அடக்குவதே கட்டலிட்டிக். அதைக் கழற்றினால் இஞ்சின் எவ்வளவு நல்லாய் இருந்தாலும் எண் ஏறும். பின் ஒட்சிசன் சென்சருக்கும் தெரியும், இஞ்சின் விளக்கு எரியும். அந்த விளக்கை அணைக்க இன்னொரு பொய், அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய். போல்ட் துரு பிடித்த டவுன்பைப்பை வருசத்துக்கு இரண்டு தரம் கழற்றினால் ஒருநாள் ஸ்டட் முறியும், அது டேர்போவின் உடம்பிலேயே முறியும். கல்லடி, காத்தான்குடிக் கடற்காற்றில் இது கட்டாயம் நடக்கும். போன வருசம் மட்டும் மூன்று டேர்போவுக்குத் துளை போட்டு ஸ்டட் எடுத்துக் கொடுத்தேன்.

வாழைச்சேனை அக்கா | ஓகஸ்ட் 9, பிற்பகல் 4.20

என் கதையையும் கேளுங்கள். நான் வைத்திருந்தது ஹொண்டா சிவிக் 1.0 டேர்போ. முதல் சொந்தக்காரர் டவுன்பைப் மாற்றி, ஈ.சி.யூ.வில் கை வைத்துத்தான் விற்றிருக்கிறார். எனக்கு அது தெரியாது. சத்தம் கொஞ்சம் நல்லாய் இருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன். காப்புறுதிப் படிவத்தில் 'வாகனத்தில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

மறுகா ஒருநாள் இரவு, புனானைப் பக்கம் மாடு குறுக்கே வந்தது. முன்பக்கம் சப்பளிந்து போனது. பார்க்க வந்தவர் பொனட்டைத் திறந்து போட்டோ எடுத்தார், கீழே குனிந்தும் எடுத்தார். அவ்வளவுதான். மாட்டுக்கும் டவுன்பைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். விபத்துக்குச் சம்பந்தம் இல்லை, படிவத்துக்குச் சம்பந்தம் இருக்கிறது என்றார்கள். ஐந்து மாதம் அலைந்தேன். கடைசியில் கிடைத்தது கேட்டதில் பாதிக்கும் குறைவு.

ஆகவே தம்பி, எதைப் பூட்டினாலும் முதலே காப்புறுதிக்கு எழுத்தில் அறிவியுங்கள், மின்னஞ்சல் காணும். அவர்களின் பதிலையும் வைத்திருங்கள். லீசிங் இருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும், கார் இன்னும் முழுதாக உங்களுடையது இல்லை. பழைய டேர்போ கார் வாங்குகிறவர்கள் கீழே குனிந்து பார்க்கவும் பழகுங்கள்.

பைபாஸ் | ஓகஸ்ட் 9, மாலை 5.02

அக்காவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இங்கே யார்தான் அறிவிக்கிறார்கள்?

வாழைச்சேனை அக்கா | ஓகஸ்ட் 9, மாலை 5.10

மாட்டோடு மோதாதவர்கள் அறிவிப்பதில்லை.

ஸ்டுட்கார்ட் மட்டுநகரான் | ஓகஸ்ட் 9, இரவு 11.48

ஊரை விட்டு வந்து இருபது வருசம், கார் பைத்தியம் மட்டும் குறையவில்லை. சட்டத்தைப் பற்றிக் கேட்டதால் வெளியே எப்படி என்று சொல்கிறேன். சாமான் தெரிவுசெய்ய அது உதவும்.

இங்கே ஜேர்மனியில் ஒரு சைலன்சர் வாங்கினால் அதோடு ஏ.பி.ஈ. என்று ஒரு தாள் வரும். இந்தச் சாமான் இந்தக் காருக்குப் பொருந்தும், சத்தமும் புகையும் எல்லைக்குள்தான் என்பதற்கான அனுமதி அது. பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டும். அந்தத் தாள் இல்லாத சாமானைப் பூட்டினால் டியூவ் போன்ற பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். பதியாமல் ஓடினால் காரின் ஓட்ட அனுமதியே இல்லாமல் போகலாம். கலிஃபோர்னியாவில் காற்றுவள சபை, கார்ப் என்பார்கள், சாமானுக்கு ஈ.ஓ. இலக்கம் கொடுக்கும். அந்த இலக்கம் உள்ள ஸ்டிக்கரைப் பொனட்டுக்குள் ஒட்டி வைப்பார்கள். ஜப்பான் சைலன்சர்களில் ஜஸ்மா என்று சின்னத் தகடு இருக்கும், 'ஷாக்கென்' பரிசோதனைக்குப் பொருந்தும் என்றும் பெட்டியில் எழுதியிருக்கும்.

இவற்றில் எதுவும் நம் ஊரில் அனுமதிப் பத்திரம் ஆகாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், காட்டிவிட்டுப் பிறகு என்னைத் திட்ட வேண்டாம். ஆனால் இந்த இலக்கம் உள்ள சாமானை ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாமல் பொலித்தீனில் சுற்றி வருகிறதைவிட நூறு மடங்கு மேல்.

அக்கரை நானா | ஓகஸ்ட் 10, காலை 7.15

நம் பக்கச் சட்டத்தை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பதிந்த விபரத்தை மாற்றுகிற எதுவும், இஞ்சினையே மாற்றுவது, எரிபொருள் வகை, நிறம், உடல் வடிவம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். இன்டர்கூலர், பிளக், பிரேக் பேட் இவை புத்தகத்தில் வராத சாமான்கள். ஈ.சி.யூ. மென்பொருளும் புத்தகத்தில் வராது, ஆனால் அதைக் கெடுத்தால் புகையில் வரும். சத்தமும் அப்படியே. 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிசார் கிளம்பி, மேலதிகமாகப் பூட்டிய விளக்கு, ஹோன், சத்தமான சைலன்சர் எல்லாம் கழற்றச் சொன்னது மறந்திருக்காது. ஆட்டோக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம்தானே.

அந்த 'புஸ்' வால்வு வேண்டாம் தம்பி. கொம்பனி வால்வு காற்றை வெளியே விடாமல் திரும்ப உள்ளே விடுகிறது. காற்றின் அளவைச் சென்சரால் அளக்கிற கார்களில் அளந்த காற்றை வெளியே விட்டால், ஈ.சி.யூ. இல்லாத காற்றுக்குப் பெற்றோல் ஊற்றும். கியர் மாற்றும் ஒவ்வொரு தரமும் கறுப்புப் புகை. எல்லாம் ஒரு சத்தத்துக்காக.

மட்டுறுத்துனர் | ஓகஸ்ட் 10, காலை 8.00

பெட்டி விற்பவரின் தொலைபேசி இலக்கத்தைப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விற்பனைக்கு வேறு பகுதி இருக்கிறது.

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 11, இரவு 8.35

பாஸ், குச்சி வாங்கிவிட்டேன். இன்று வேலைக்குப் போய் வரும்போது தங்கச்சியை முன் இருக்கையில் இருத்தி எண்களை எழுதச் சொன்னேன். வெளியே 35 பாகை.

காலையில் கல்லடியில் கிளம்பும்போது: 44.
கல்முனை நெரிசலில் பத்து நிமிடம் நின்றபோது: 71.
காரைதீவு தாண்டி 70 வேகத்தில் ஒரே சீராய்ப் போகும்போது: 63.
ஒரு லொறியை முந்த மிதித்தபோது: 78. மிதியை விட்டும் இறங்கவே இல்லை, ஐந்து நிமிடம் 70க்கு மேலே நின்றது.

எண் ஏறி இறங்குகிறது, ஆகவே சென்சர் இன்டர்கூலருக்குப் பிறகுதான் இருக்கிறது போல. இது நல்லதா கெட்டதா?

சந்திவெளி பாஸ் | ஓகஸ்ட் 11, இரவு 9.20

நெரிசலில் 71 ஏறுவது வழமை, காற்று ஓட்டம் இல்லை. 70 வேகத்தில் ஓடிக்கொண்டு 63 நிற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியைவிடப் பத்துப் பதினைந்து பாகை கூட இருக்கலாம், 28 கூட இருக்கக் கூடாது. காற்று இன்டர்கூலருக்குள் போகவில்லை.

தம்பி, நீங்கள் போகிற பாதையில் இப்போது சிறுபோக வெட்டுத்தானே?

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 11, இரவு 9.24

ஓம் பாஸ். மாளிகைக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் மெசின்தான். ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள்.

சந்திவெளி பாஸ் | ஓகஸ்ட் 11, இரவு 9.31

முன் பம்பரைக் கழற்றுங்கள். பெட்டிக்கு இன்னும் காசு கொடுக்கவில்லையே?

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 15, பிற்பகல் 2.10

கொடுக்கவில்லை பாஸ், நல்ல காலம்.

இன்று விடுமுறை. மச்சானும் நானும் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, பம்பரின் கிளிப் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒன்று உடைந்தது, அதை விடுவோம். பம்பர் வந்ததும் முதலில் கொட்டியது பதர். ஒரு கைப்பிடி இல்லை, ஒரு சுளகு. இன்டர்கூலரின் அலுமினியக் கீற்றுகளுக்கு நடுவே பதரும் வைக்கோல் தூசியும் பூச்சிச் செட்டையும் சேர்ந்து கம்பளி போல நெய்யப்பட்டிருந்தது. விரலால் தொட்டால் தட்டையாய், மெத்தென்று இருந்தது. கீழ் மூலையில் ஒரு தும்பி முழுசாய், கண்ணோடு. கடல் பக்கமாக நிற்கிற விளிம்பில் கீற்றெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பின்னால் இருக்கும் ஏ.சி. கொன்டென்சரும் அதே கதை. ஏ.சி. குளிரவில்லை என்று இரண்டு தரம் காஸ் அடித்தேன், அதுவும் இப்போதுதான் விளங்குகிறது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். நூற்றுக்குப் பத்துப் பங்கு வெளிச்சம்கூட மறுபக்கம் வரவில்லை.

இன்னொன்று. இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளம்புக்குக் கீழே கறுப்பாய் ஒயில் ஈரம். துடைத்துவிட்டுக் கையால் அசைத்தால் கிளம்ப் சுழல்கிறது.

சந்திவெளி பாஸ் | ஓகஸ்ட் 15, பிற்பகல் 2.40

அந்தக் கிளம்ப் வழியாக டேர்போ அமுக்கின காற்று வெளியே போகிறது, ஒயில் ஈரம் அதன் அடையாளம். புதுக் கிளம்ப் போடுங்கள், ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

கழுவும்போது கவனம். சேர்விஸ் நிலைய அழுத்தத் தண்ணீர் வேண்டாம், கீற்றெல்லாம் படுத்துவிடும். தோட்டக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, பதர் வந்த வழியே திரும்பப் போகிற மாதிரி விடுங்கள். மெல்லிய பிரஷ், கீற்றின் போக்கில் மட்டும். வளைந்த கீற்றைச் சவரப் பிளேட்டின் முதுகால் நிமிர்த்தலாம்.

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 17, இரவு 7.55

அதே பாதை, அதே நேரம், வெளியே 35. தங்கச்சியே எழுதினாள்.

70 வேகத்தில் சீராக: 47.
முந்த மிதித்தபோது: 52. விட்டவுடன் அரை நிமிடத்தில் 48.

கார் வாங்கிய நாள் மாதிரி இருக்கிறது. செலவு: கிளம்ப், ஒரு கிளிப், மச்சானுக்குக் கொத்து ரொட்டி.

ஸ்டுட்கார்ட் மட்டுநகரான் | ஓகஸ்ட் 17, இரவு 10.30

78இலிருந்து 52. கெல்வினில் 351ஐ 325ஆல் பிரித்தால், அதே அழுத்தத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதல் காற்று. அதற்கு மேல் ஈ.சி.யூ. பிந்த வைத்த தீப்பொறியும் திரும்பக் கிடைத்திருக்கும். 102 பி.எஸ். காரில் எட்டுப் பங்கு என்றால் சின்ன எண் இல்லை. வாழ்த்துகள்.

பைபாஸ் | ஓகஸ்ட் 17, இரவு 11.02

சரி மச்சான், ஒத்துக்கொள்கிறேன், நல்ல வேலை. ஆனால் இப்போது நல்ல நிலையில் இருக்கிற காரில் பெட்டி போட்டால் இன்னும் நல்லாய் இருக்குமே?

அக்கரை நானா | ஓகஸ்ட் 18, காலை 6.45

நல்ல கேள்வி, கிண்டல் இல்லாமல் பதில் சொல்கிறேன்.

முதலில் இந்த இஞ்சினின் கதை. 2016இல் ஜப்பானில் பலேனோ எக்ஸ்.டி. வந்தபோது இதே கே10சிதான், பிரீமியம் பெற்றோலுக்கு 111 பி.எஸ்., 160 நியூட்டன் மீற்றர். அடுத்த வருசம் ஸ்விஃப்ட் ஆர்.எஸ்.டி.க்கு அதைச் சாதாரணப் பெற்றோலுக்கு இறக்கி 102 பி.எஸ்., 150 நியூட்டன் மீற்றர் ஆக்கினார்கள். ஜப்பானியத் தரத்தில் சாதாரணம் என்றால் குறைந்தது ஒக்டேன் 89, பிரீமியம் என்றால் 96. நம் 92 நடுவில் நிற்கிறது. ஆகவே ஆர்.எஸ்.டி.க்கு 92 பிழையில்லை. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 வைத்திருக்கிறவர்கள்தான் பிரீமியம் கேட்கிற இஞ்சினுக்கு 92 ஊற்றிவிட்டு இழுவை இல்லை என்று அழுகிறார்கள், அவர்கள் 95க்குப் போக வேண்டும்.

இதில் தெரிவது என்ன? கொம்பனியே காட்டிய இடம் 9 பி.எஸ்.தான். நிதானமான ரீமேப், அதாவது ஈ.சி.யூ. மென்பொருளைத் திருத்துவது, அந்த இடத்தையும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் 95இல் எடுக்கும், கட்டலிட்டிக் அப்படியே இருக்க, புகை எல்லைக்குள். செய்பவர் காரை வலு அளக்கிற டைனோவில் ஏற்றி, முன்னும் பின்னும் தாள் தருபவராக இருக்க வேண்டும். பழைய மென்பொருளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். நான் கொழும்பில்தான் செய்தேன்.

பிக்கிபேக் வேறு சாதி. அது அழுத்தச் சென்சருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் நடுவே நின்றுகொண்டு, இருக்கிற அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். ஈ.சி.யூ. அதை நம்பி டேர்போவை இன்னும் ஊதச் சொல்லும். நல்ல பெட்டிகள் அளவோடு செய்யும். பெயர் தெரியாத, யாரோ கழற்றின பெட்டி அளவோடு செய்கிறதா என்று உள்ளே எது உருகிய பிறகுதான் தெரியும். 35 பாகையில், 92 பெற்றோலில், நேற்று வரை பதர் அடைத்திருந்த காரில் அது போட்டிருந்தால், லுணுகலை ஏற்றத்திலேயே பிஸ்டனைப் பார்த்திருப்போம்.

மறுகா ஒயில். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சுகிற சின்ன டேர்போக்களுக்கு ஒரு நோய் உண்டு: குறைந்த சுற்றில் கனமாய் மிதிக்கும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றும். அதைக் கருதித்தான் ஒயில் தரம் வகுக்கிற அமெரிக்க அமைப்பான ஏ.பி.ஐ. 2018இல் எஸ்.என். பிளஸ் என்றும் 2020இல் எஸ்.பி. என்றும் தரம் கொண்டுவந்தது. போத்தலில் எஸ்.பி. இருக்க வேண்டும், பிசுபிசுப்பு கைநூலில் சொன்னது, 5,000க்கு ஒருமுறை மாற்றம். சிவிக் 1.0 வைத்திருப்பவர்களுக்கு டைமிங் பெல்ட்டே ஒயிலுக்குள் ஓடுகிறது, அவர்கள் இரட்டிப்புக் கவனம். கண்ட ஒயிலை ஊற்றினால் பெல்ட் ஊறிச் சிதைந்து ஒயில் உறிஞ்சியை அடைக்கும்.

வாழைச்சேனை அக்கா | ஓகஸ்ட் 18, காலை 9.12

நானா சொன்ன பெல்ட் கதை எனக்கு இப்போது தெரிகிறது, என் காருக்கு அப்போது தெரியாது.

ஒரு கேள்வி: இவ்வளவு வலுவை எங்கே ஓடப் போகிறீர்கள்? ஊருக்குள் 50, வெளியே 70. இரவில் வெலிக்கந்தைப் பக்கம் யானை நிற்கிறது.

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 18, பகல் 12.30

ஏற்றத்துக்கும் முந்துவதற்கும்தான் அக்கா. வேகத்துக்கு இல்லை. சரி, முந்துவதற்கும் கொஞ்சம் ஆசைக்கும்.

சந்திவெளி பாஸ் | ஓகஸ்ட் 18, மாலை 6.20

என் வரிசை இது. ஒயிலும் பிளக்கும் இந்த வாரமே. பிளக் 68,000 ஓடியது என்றால் இடைவெளி அகன்றிருக்கும், டேர்போவில் அழுத்தம் கூடும்போது தீப்பொறி தாண்டாமல் இருமும். இருமினது என்று நீங்களே முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரிடியம் அதே இலக்கம் போடுங்கள், ரீமேப் செய்தால் மட்டும் ஒரு படி குளிர்ந்தது.

காற்றுப் பில்டர் கொம்பனி மாதிரிப் பேப்பர் காணும். கழுவிப் பாவிக்கிற எண்ணெய்ப் பில்டர் வாங்கினால் எண்ணெயை அளந்து தடவுங்கள், கூடினால் சென்சரில் படியும். திறந்த பில்டர் இஞ்சின் சூட்டைத்தான் உறிஞ்சும், அதை நினைக்கவே வேண்டாம்.

பிரேக்கை ஒருவரும் கதைக்கவில்லை. லுணுகலை ஏறினால் இறங்கவும் வேண்டும். பிரேக் ஒயில் டொட் 4 போடுங்கள். புதிதாய் இருக்கும்போது டொட் 3இன் கொதிநிலை 205 பாகை, டொட் 4இன் கொதிநிலை 230. ஈரம் குடித்தால் இரண்டும் விழும், நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் குடிக்கும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் காரில் இருப்பது எத்தனை வயது?

கல்லடிப் பொடியன் | ஓகஸ்ட் 18, மாலை 6.41

கேட்கக் கூடாததைக் கேட்கிறீர்கள் பாஸ். காரோடு வந்ததுதான்.

சந்திவெளி பாஸ் | ஓகஸ்ட் 18, மாலை 6.43

நாளைக்கு வாருங்கள்.

பைபாஸ் | ஓகஸ்ட் 18, இரவு 10.10

நானும் இன்று பம்பரைக் கழற்றினேன். ஒன்றும் சொல்லப் போவதில்லை. 🙂 டவுன்பைப் மட்டும் அப்படியே இருக்கும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

கல்லடிப் பொடியன் | செப்டெம்பர் 21, இரவு 8.00

இழையைத் திறந்தவன் நான், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எஸ்.பி. ஒயில், நாலு பிளக் வாங்கப் போய் மூன்று காணும் என்று கடைக்காரர் சிரித்தார், பிரேக் ஒயில், முன் பேட். கழற்றின பிரேக் ஒயில் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. பழைய பிளக்கின் இடைவெளியைப் பாஸ் அளந்து காட்டினார், புதியதைவிட நன்றாகவே அகன்றிருந்தது. இன்டர்கூலருக்கு முன்னால், கிறில்லின் உள்பக்கமாக, நுளம்பு வலை மாதிரி ஆனால் கண் பெரிய அலுமினிய வலை ஒன்று கட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் கழற்றித் தட்டுகிறேன். வலை போட்ட பிறகு வெப்பம் இரண்டு பாகை கூடியது, அது பரவாயில்லை.

புகைப் பரிசோதனையை முந்தியே செய்து பார்த்தேன், இரண்டு எண்ணும் எல்லைக்கு எங்கேயோ கீழே. ரீமேப்புக்குக் காப்புறுதிக்கு மின்னஞ்சல் எழுதினேன், மேலதிகத் தவணைப்பணம் எவ்வளவு என்று பதில் வந்திருக்கிறது. லீசிங் முடிய ஏழு மாதம். அதற்குப் பிறகு பார்ப்போம்.

நேற்று மறுபடி லுணுகலை ஏறினோம், மாமாவும் வந்தார். ஏற்றத்தின் நடுவில் ஒரு பஸ்ஸை முந்தினேன், 56க்கு மேலே எண் போகவில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை, பிஸ்கட் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கரை நானா | செப்டெம்பர் 21, இரவு 8.20

மாஷா அல்லாஹ். அந்த ஒரு சுளகு பதரை என்ன செய்தீர்கள்?

கல்லடிப் பொடியன் | செப்டெம்பர் 21, இரவு 8.26

அம்மா கோழிக்குப் போட்டுவிட்டார் நானா. அதற்குள் பதினைந்து நெல் முளைக்கிற பதத்தில் இருந்ததாம்.